நோயுள்ள சீமையிலேயே ஆராய்ச்சியாளரும் உருவாக வேண்டும்

கோயமுத்தூரில் 1912-ம் வருஷத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆடுதுறையில் 1922-ம் வருஷத்தில் மற்றொன்று ஏற்பட்டது. ஒன்று போதாதா, இரண்டெதற்கு என்று எவரேனும் கேட்டிருந்தால், காவேரிப் பாசனத்தின் மண்ணும் பருவமும் வேறு, கொங்கு நாட்டின் மண்ணும் பருவமும் வேறு என்று எந்தக் குடியானவரும் விடை சொல்லியிருப்பார். ஒரு சீமையில் நன்றாக விளையும் விதை மறு சீமையில் பதராகும். ஒரு தாலூகாவில் மிகுந்து காணும் பூச்சி அடுத்த தாலூகாவில் தலைகாட்டாமலும் இருக்கும். ஆகையால் பயிரின் குறையை அறிய விரும்புகிறவர் பயிர் நிற்கும் இடத்திற்கே செல்ல வேண்டும். அங்கே சில பருவங்கள் தங்கிப் பார்க்கவும் வேண்டும். பயிர் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்ட இவ்வுண்மையை, அப்பயிரை இடுகிற மனிதருடைய தேக விஷயத்தில் நாம் இன்னும் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை.

சிறுநீரக வியாதியும் சில இரத்த வியாதிகளும் எல்லா இடங்களிலும் ஒரே அளவாகப் பரவியிருப்பவை அல்ல. சில சீமைகளில், சில தொழிலாளரிடையே, சில குடிகளிடையே அவை மிகுந்து நிற்கின்றன. அவ்வாறு மிகுந்து நிற்பதன் காரணத்தைக் கண்டுபிடித்துப் பரிகாரம் தேட, அந்தச் சீமைகளிலேயே பயின்ற புதிய ஆராய்ச்சியாளர் வேண்டும் என்பதும், அவர்களை உருவாக்குவதில் நிலமுடையோருக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதும் நமது அபிப்பிராயம்.

வியாதியின் தன்மை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி அழியும் வரையில் மனிதனுக்கு வலியோ வேறு துன்பமோ தெரிவதில்லை. கால் வீங்கி, பசி குன்றி, மூச்சு வாங்கும் நிலையில் வைத்தியரிடம் செல்லும்பொழுது காலம் கடந்துவிடுகிறது. சாதாரணமாக இவ்வியாதிக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் முக்கிய காரணங்கள். ஆனால் கடும் வெயிலில் வயல்வேலை செய்பவரிடையே, இவ்விரண்டும் இல்லாமலே, நடுவயதிலும் அதற்கு முன்னரும் சிறுநீரகம் சுருங்கிப் பழுதாவதைப் பல தேசத்து வைத்தியர்களும் கண்டிருக்கிறார்கள். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக வியாதி என்று இதனைக் குறிப்பிடுகிறார்கள்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை ஜில்லாக்களின் நெல் விவசாயிகளிடையே 1990-களில் இது கவனிக்கப்பட்டது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடாரில் விவசாயத் தொழிலாளரிடையே காணப்பட்டதாக 2002-ல் வைத்தியர்கள் எழுதினார்கள்; அப்பிரதேசத்துக் கரும்பு வெட்டுவோரிடம் இது மிகுதி. நமக்கு அண்மையில், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் ஜில்லாவில், தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் என்னும் பகுதி இவ்வியாதியாலேயே பெயர் பெற்றுவிட்டது.

இவை யாவும் அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் வாளாவிருக்க இயலாது. புதுச்சேரி ஜிப்மர் வைத்தியர்கள் தம்மிடம் வந்த நோயாளிகளை ஊரும் தொழிலும் வாரியாக ஆராய்ந்து, இவ்வியாதி மிகுந்த மற்றொரு பிரதேசம் தென்னிந்தியாவில் உண்டென்று 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் அதற்கு இட்ட பெயர் தொண்டைமண்டலச் சிறுநீரக நோய் என்பது. ‘தொண்டை நாடு சான்றோருடைத்து’ என்று புகழ் பெற்ற நாட்டின் பெயரை ஒரு வியாதி தாங்கும்படி ஆயிற்று. தமிழ்நாட்டு வயல் வேலையாட்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு நாட்பட்ட சிறுநீரக வியாதி இருப்பதும், அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லாதிருப்பதும் தெரிய வந்தன.

இரத்த வியாதிகளிலும் இத்தகைய இடவேறுபாடு உண்டு. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, நுண்ணிய குழாய்களை அடைத்து, பொறுக்க முடியாத வலியும் சோகையும் உண்டாக்கும் அரிவாளணு வியாதி நீலகிரியின் மலைக்குடிகளிடையே இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952-ல் வெளியிட்டார்கள். மலேரியாக் காய்ச்சல் மலிந்த நாடுகளில் இந்த அணுக்கூறு தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. ஏனெனில் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்றவருக்கு அக்காய்ச்சலின் கொடுமை குறைவு. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ அது தீராத வியாதி.

சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சிவப்பணுக்கள் உண்டாவதற்குத் தூண்டுகோலான சத்து சிறுநீரகத்திலேயே பெரும்பாலும் சுரக்கிறது. ஆகவே சிறுநீரகம் கெட்டால் சோகை வருகிறது. அரிவாளணு வியாதி முற்றினால் சிறுநீரகமும் கெடுகிறது. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைக் கல்லாதிருந்தால் நோயாளியைப் பாதியே அறிந்தவராவார்.

வயலை அறியாத ஆராய்ச்சியின் குறை

ஐரோப்பாவில் நடந்த ஒரு வரலாறு விவசாயிகள் அனைவரும் அறியத்தக்கது. டான்யூப் நதியின் உபநதிகளை ஒட்டிய பல்கேரியா, செர்பியா, போஸ்னியா, குரோஷியா, ருமேனியா நாட்டுக் கிராமங்களில், குடியானவர்களின் சிறுநீரகம் சுருங்கிப் பழுதாகும் வியாதி ஒன்று 1950-களில் விவரிக்கப்பட்டது. ஒரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு காணும். பக்கத்துக் கிராமத்தில் இராது. நீர், உலோகம், பூஞ்சை, கிருமி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள். இவிச் என்னும் ஆராய்ச்சியாளர் 1969-ல் கோதுமை வயல்களிலேயே இதற்கு விடை இருக்கக்கூடும் என்றார். அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த ஒரு களையின் விதை அறுவடையில் கோதுமையோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகி, வருஷக்கணக்கில் உடலிற் சேர்கிறது என்பது அவர் கருத்து. அக்கருத்தை நெடுநாள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1993-ல் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக அதே இனத்து மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்ட செய்தி வெளியாயிற்று. அதன் பின்னரே அறிஞர்கள் பழைய கருத்துக்குத் திரும்பினார்கள். 2007-ல் ஆர்தர் குரோல்மன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நோயாளிகளின் சிறுநீரகத்திலேயே அந்த விஷத்தின் அடையாளத்தைக் கண்டு மெய்ப்பித்தார்கள். இவிச் சொல்லியதற்கும் மெய்ப்பித்ததற்கும் இடையே 38 வருஷங்கள் கழிந்தன. நமது கரிசல் நிலங்களில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனத்துச் செடியே. அதனை உள்ளுக்கு மருந்தாக உண்பவர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

இத்தாமதத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். நமக்குத் தோன்றும் முக்கிய காரணம் ஒன்று. சிறுநீரகத்தை அறிந்தவர் வயலில் நின்று களையைப் பார்க்கவில்லை; களையை அறிந்தவருக்குச் சிறுநீரகத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இரண்டையும் ஒருசேர அறிந்த இளைஞர் சிலர் அக்கிராமங்களிலேயே அமர்த்தப்பட்டிருந்தால், ஒரு தலைமுறை மாண்டபின் கிடைத்த விடை அதற்கு முன்னரே கிடைத்திருக்கக்கூடும்.

மெய்ப்பிப்பதற்கு முன் முடிவு செய்வதிலும் கேடு உண்டு. இலங்கை சர்க்கார், சிறுநீரக வியாதிக்கு அஞ்சி, கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை 2015-ல் தடுத்தது; 2018-ல் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு விலக்களித்தது; 2022-ல் தடையை நீக்கியது. அம்மருந்து குற்றமுள்ளதா, குற்றமற்றதா என்னும் கேள்வி இத்தனை உத்தரவுகளாலும் தீரவில்லை. கடும் வெயிலும் நீர் வற்றலும், கிணற்று நீரிலுள்ள உப்பும் புளோரைடும், பயிர் மருந்துகள், கன உலோகங்கள், மேல்வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் என்று பலவும் சந்தேகத்துக்கு உட்பட்டு நிற்கின்றன. ஒவ்வொரு சீமையிலும் காரணம் ஒன்றுதானா, பல சேர்ந்தவையா என்பதையும் அந்தந்தச் சீமையிலேயே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும்.

இப்பொழுதுள்ள ஏற்பாடுகள்

நமது ராஜ்யத்தில் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. இந்தியாவில் உயிரோடிருக்கும் உறவினரின் சிறுநீரகத்தைப் பொருத்தும் சிகிச்சை 1971-ல் வெற்றி பெற்றது வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில். அவ்வூரும் தொண்டைமண்டலத்தைச் சேர்ந்ததே. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி தன் வாயிலுக்கு வந்தவரையே அறியும். வராமல் வீட்டில் மாண்டவரை அறியாது. வைத்திய மேற்படிப்பு மாணவர் 3 மாதம் ஜில்லா ஆஸ்பத்திரியில் பணி செய்ய வேண்டுமென்று 2020-ல் விதி ஏற்பட்டது. அது நல்ல விதியே. எனினும் நாட்பட்ட சிறுநீரக வியாதி என்று சொல்வதற்கே, பழுது 3 மாதத்துக்கு மேல் நீடித்திருப்பதைக் காண வேண்டும். சித்திரையில் இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவு உயர்ந்து, ஐப்பசி மழையில் தணிந்தவர் ஒருவர், தணியாதவர் மற்றொருவர். இருவரையும் பிரித்தறிய, அதே மனிதரைப் பருவந்தோறும் பார்ப்பவர் வேண்டும். ஒருநாள் முகாம் போட்டு மறுநாள் மூட்டை கட்டுவோரால் இது ஆகாது.

டயாலிசிஸ் இயந்திரங்களை மிகுதியாக வாங்கினால் போதாதா என்று கேட்போர் உண்டு. 2016-ல் பிரதம மந்திரியின் பெயரால் தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கப்பெற்றதும், உத்தானத்துக்கு அண்மையிலுள்ள பலாசாவில் சிறுநீரக ஆராய்ச்சி நிலையமும் 200 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியும் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டதும் வரவேற்கத்தக்கவை. நோயுற்றவருக்கு இயந்திரம் உயிர், அதனைக் குறைக்கலாகாது. ஆயினும் வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவரால் ஏர் பிடிக்கவோ நாற்று நடவோ முடியுமா? இயந்திரம் கரை உடைந்தபின் இறைக்கும் இறைவைக்கு ஒப்பாகும். உடைப்பு எங்கே என்று பார்ப்பவர் ஆராய்ச்சியாளர், இருவரும் வேண்டும்.

எவ்விதப் பயிற்சி?

விவசாயக் கல்லூரி மாணவர் பட்டம் பெறுவதற்கு முன் கிராமத்தில் தங்கிக் குடியானவரோடு பழகும் வழக்கம் உள்ளது. வைத்திய ஆராய்ச்சிக்கும் அதனையே விரித்துக் கையாளலாம். நாம் சொல்லும் யோசனை வருமாறு:

முதலாவது, வியாதி மிகுந்த தாலூகாக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அங்கே ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் வைத்தல் வேண்டும். ஒவ்வொன்றிலும் வைத்தியர், விவசாயப் பட்டதாரி, மண்ணும் நீரும் பரிசோதிக்கத் தெரிந்தவர், கணக்கு அறிந்தவர் ஆகிய இளைஞர் ஒரே குழுவாகக் குறைந்தது 5 வருஷம் பயில வேண்டும். வைத்தியர் மருந்து தெளிக்கும் முறையையும், விவசாயப் பட்டதாரி சிறுநீரகத்தின் தொழிலையும் கற்கவேண்டும்.

இரண்டாவது, அவ்விடங்களில் ஒரு பகுதி வயல் வேலையாட்களின் மக்களுக்கும் மலைக்குடிகளின் மக்களுக்கும் உரியதாக வேண்டும். அவர்களே அவ்வூர்ப் பேச்சையும் வழக்கத்தையும் அறிந்தவர்கள். பயிற்சி முடிந்தபின் ஊரில் தங்கக்கூடியவர்களும் அவர்களே. நீலகிரியின் கூடலூரில் ஆதிவாசிகள் ஆஸ்பத்திரி, ஆதிவாசிப் பெண்களையே தாதியராகவும் கிராம சுகாதார ஊழியராகவும் பயிற்றி, அரிவாளணு வியாதியுற்றோரைத் தொடர்ந்து கவனித்து வருவது இதற்குத் தக்க உதாரணம். 2047-க்குள் இவ்வியாதியை ஒழிக்கக் கருதி 2023 ஜூலை 1-ம் தேதி தேசிய இயக்கம் தொடங்கப்பெற்றது. 7 கோடி மக்களைப் பரிசோதிப்பதும் அதன் நோக்கம். பரிசோதனைச் சீட்டு கொடுப்பதோடு வேலை முடியாது. அணுக்கூறுள்ள இருவர் மணம் புரிந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வியாதி வர இடமுண்டு என்பதை, மனம் நோகாமல், அவர்கள் பாஷையிலேயே எடுத்துச் சொல்ல அவ்வூரில் பிறந்தவரே தக்கவர்.

மூன்றாவது, கண்டறிந்தவற்றை அயல் பாஷைப் பத்திரிகைக்கு அனுப்புவதோடு நில்லாமல், வருஷந்தோறும் கிராம சபையில் தமிழில் படித்துச் சொல்லுதல் பயிற்சியின் ஒரு பகுதியாக வேண்டும். இரத்தம் கொடுத்தவனுக்குப் பலனும் சொல்லவேண்டியது நியாயம்.

கிராமத்தாரின் கடமை

இத்தகைய ஆராய்ச்சி வந்தால் ஊரின் நீருக்கும் நிலத்துக்கும் பழி வரும், நிலத்தின் விலை குறையும், பெண் கொடுப்பார் இல்லாமற் போவார் என்று மிராசுதார்கள் சிலர் அஞ்சலாம். இவ்வச்சம் அற்பமானதன்று. ஆனால் காரணம் தெரியாத நிலையில்தான் வதந்தி பெருகுகிறது. வதந்திக்கு அளவும் எல்லையும் இல்லை. எந்தக் கிணறு நல்லது, எது தீயது என்று அளந்து சொன்னால் தீயது ஒன்றை மட்டும் விலக்கலாம். சொல்லாவிட்டால் ஊரே விலக்கப்படும்.

வேலை வாங்குகிறவர்களுக்குக் குற்றம் சாட்டவே இவ்வாராய்ச்சி என்று எண்ணுவதும் தவறு. மத்திய அமெரிக்காவில் நிகரகுவாவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே, ஓய்வும் நிழலும் குடிநீரும் கூட்டிக் கொடுத்தபோது, அறுவடைக் காலத்தில் சிறுநீரகத்துக்கு நேரும் ஊறு குறைந்தது. இது வேலை கொடுப்போருக்குத் தண்டனையன்று. பழக்கிய ஆளை இழவாதிருக்கும் வழி. வெயில் ஏறுமுன் வேலை தொடங்குதல், நடுப்பகலில் நிழலில் இளைப்பாறவிடுதல், வயல் வரப்பிலேயே நல்ல தண்ணீர்க் குடம் வைத்தல் ஆகியவற்றை ஆராய்ச்சியின் முடிவுக்குக் காத்திராமல் இன்றே செய்யலாம்.

நிலமுடையோர் ஆராய்ச்சிக்குச் செய்யக்கூடிய உதவி மூன்று. வேலையாட்கள் பரிசோதனைக்குச் செல்லும் வேளைக்குக் கூலி பிடிக்காதிருத்தல் ஒன்று. எந்த மருந்து, எந்த நாள், எவ்வளவு தெளித்தோம் என்று குறிப்பு வைத்து மறைக்காமல் காட்டுதல் இரண்டு. தம் கிணற்று நீரை அளக்க இடங்கொடுத்தல் மூன்று. தாமும் தம் வீட்டாரும் முதலிற் பரிசோதனைக்கு உட்பட்டால் மற்றவர் தயங்கமாட்டார்கள்.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் செய்யவேண்டியது இன்னும் முக்கியமானது. இறந்தவரின் பெயரும் வயதும் மட்டும் எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘காய்ச்சல்’ என்றோ ‘வயது முதிர்வு’ என்றோ போட்டுவிட்டால், 45 வயதில் சிறுநீரகம் கெட்டு மாண்ட உழவன் கணக்கிலிருந்தும் மறைந்துவிடுகிறான். அவன் செய்த தொழில், குடித்த நீர், இறப்பதற்கு முன் கண்ட குறிகள் இவற்றை வீட்டாரிடம் விசாரித்து உண்மையாகக் குறித்து வைத்தால், பின்வரும் ஆராய்ச்சியாளருக்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை.

நெல்லின் நோயறிய நிலம் கொடுத்தோம், நீர் கொடுத்தோம், புதிய விதையை நம் வயலிலேயே விதைத்துப் பார்க்கவும் இசைந்தோம். அதன் பலனை இன்று அறுவடை செய்கிறோம். உழவருடைய இரத்தத்தின் நோயறிய வரும் இளைஞருக்கு அதே இசைவையும் பொறுமையையும் காட்டுவது நமது கடமை. பலன் ஒரு பருவத்தில் வாராது. 10 வருஷமும் ஆகலாம். தென்னை வைப்பவரும் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூசுவதில்லை. சர்க்கார் நிலையங்களை அமைக்கட்டும். கல்லூரிகள் ஆசிரியரை அனுப்பட்டும். நல்ல மாணவர் ஒருவரையாவது இத்துறைக்குத் தேர்ந்து அனுப்ப ஒவ்வொரு பிர்க்காவும் முன்வரட்டும். வெளியூரார் வந்து நம் நோயைச் சொல்லும் வரையில் காத்திராமல், நம் மக்களே அதனைக் கண்டறிந்து நமக்குச் சொல்லும் நாள் விரைவில் வருமாக.